பத்தென்னும் வரம்பு

நம் மகள் கோலாலம்பூரில் இரண்டாவது குழந்தையைப் பெற்றெடுத்தது 2006-ஆம் ஆண்டில். உடனே சென்று பார்த்துவர வசதிப்படவில்லை. சனிக்கிழமை இரவுகளில் கணினி வழியாகப் பேசிக்கொள்வதென ஏற்பாடாயிற்று. இரண்டு வாரம் குரல் தெளிவாகக் கேட்டது. மூன்றாம் வாரம் "உம்மா" என்று மகள் அழைத்ததோடு சரி, பிறகு ஒன்றுமில்லை. இணையப் பக்கங்களும் பாதி வந்து நின்றன. கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினால் ஐந்து நிமிடம் ஓடும். இணைப்புத் தந்தவர்களிடம் முறையிட்டோம். கம்பி சரியாக இருக்கிறது, கோளாறு உங்கள் வீட்டில்தான் என்றார்கள். நமக்குக் கோபம் வந்தது. அவர்கள் சொன்னது உண்மை.

தங்கை மகன் கணினி பயின்றுகொண்டிருந்தான். விண்டோஸ் எக்ஸ்பி தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து காட்டினான். மஞ்சள் முக்கோண எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே எண், 4226. இணைப்பு முயற்சிகளுக்கு விதித்த பாதுகாப்பு வரம்பு எட்டப்பட்டது என்பது அதன் பொருள்.

ஒரு கணினி இன்னொன்றோடு பேச விரும்பினால், முதலில் அனுமதி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அப்படிப் பதிலின்றி நிற்கும் முயற்சிகள் ஒரே வேளையில் பத்துக்கு மேல் போகலாகாது என்று 2004 ஆகஸ்டில் வெளியான சர்வீஸ் பேக் 2 தடுத்திருந்தது. மிஞ்சியவை வரிசையில் நிற்க வேண்டும்.

"இந்தப் பத்தை நூறாக்கிவிட்டால் தீர்ந்தது, மாமா" என்றான். அதற்கென்றே ஒரு சிறு நிரல் கைமாறிக்கொண்டிருந்தது. யார் எழுதியது என்று நாம் கேட்கவில்லை. அவன் சற்றுத் தயங்கினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவசரப்படுத்தியவர் நாமே.

பத்து நூறாயிற்று. நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. யாரும் தொடாத வேளையிலும் மோடத்தின் விளக்கு ஓயாமல் துடித்தது. மூன்றாம் நாள் இல்லத்தரசியார்தாம் அதைக் கண்டு, "நாம் பேசாத நேரத்தில் இது யாரோடு பேசுகிறது?" என்று கேட்டார்.

பத்து போதவில்லை என்று குறைப்பட்டோமேயன்றி, அந்தப் பத்தையும் நிரப்புவது யார் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பக்கம் படிப்பவருக்குப் பத்து தாராளம். கேட்ட மறுகணமே பதில் வந்து இடம் காலியாகிவிடும். மருமகன் கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்று தட்டினான். முன்பின் அறியாத முகவரிகள் மளமளவென்று ஓடின. அத்தனையும் 445 என்ற ஒரே வாசல் எண்ணைத் தட்டிவிட்டுப் பதிலின்றி நின்றவை. கணினிக்குள் புழு புகுந்திருந்தது! 2003-இல் பிளாஸ்டரும் 2004-இல் சாசரும் உலகெங்கும் பரவியது இப்படிக் கண்ட முகவரிகளையெல்லாம் தட்டிப் பார்த்துத்தான். பெரும்பாலான முகவரிகளில் பதில் சொல்ல ஆளிராது, முயற்சிகள் குவியும். அத்தகைய புழுக்களின் வேகத்தை மட்டுப்படுத்தவே பத்தென்னும் வரம்பு வைத்தார்கள். காவலாளி கூவிக்கொண்டிருந்தான், நாம் அவனை வேலையை விட்டு நீக்கினோம். அந்த மூன்று நாளில் எத்தனை வீட்டுக் கதவுகளை நம் கணினி தட்டியதோ, இன்றும் உறுத்துகிறது.

படம் அச்சிடக் கொடுத்துவாங்கிய பென் டிரைவில் அது வந்திருக்க வேண்டும் என்பது மருமகனின் ஊகம். வைரஸ் தடுப்புக்கான சந்தாவைச் சிக்கனம் கருதிப் புதுப்பிக்காமல் விட்டவரும் நாமே.

இணைப்புக் கம்பியைப் பிடுங்கினோம். குடும்பப் படங்களைக் குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு, வட்டை அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் பதித்தான். சர்வீஸ் பேக்கையும் குறுந்தகட்டிலிருந்தே ஏற்றி முடிக்கும்வரை கம்பியைத் தொட நம்மை விடவில்லை. ஒரு ஞாயிறு முழுதும் அதற்கே சரியாயிற்று.

2009-இல் விஸ்டாவின் சர்வீஸ் பேக் 2-இலும் விண்டோஸ் 7-இலும் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இன்று பின்னணியில் நியாயமான வேலைகளும் நடப்பதால் விளக்குத் துடிப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. நெட்ஸ்டாட் மட்டும் அதே பெயரில் இருக்கிறது.

"மறுபடி நூறாக்கட்டுமா, மாமா?" என்று மருமகன் சிரித்துக்கொண்டே கேட்டான். பத்தே இருக்கட்டும் என்றோம். அடுத்த சனிக்கிழமை அழைப்பு வந்தது. பேச்சு நெடுகிலும் குழந்தை வீறிட்டு அழுதது. மகள் சமாதானப்படுத்த எழுந்தபோது, "விடு, அழட்டும், கேட்கிறது" என்றார் இல்லத்தரசியார்.