கருப்பிக்கு முதுகு காட்டி

வானொலியில் பேசுவதுதான் என் பிழைப்பு. கருப்பியிடம் அது எடுபடவில்லை.

ஈப்போவில் ஐ.எஸ்.பி.சி.ஏ. எனும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தவிர, சிறு காப்பகங்களும் உண்டு. அப்படி ஒன்றுக்கு ஞாயிறு காலைகளில் கூண்டு கழுவப் போகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் அவளைக் கொண்டு வந்தார்கள். பழைய ரப்பர் தோட்டமொன்றின் காலி லயத்தில் கிடந்தவளாம். மூலையில் சுவரைப் பார்த்தபடியே இருப்பாள். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும். துடைப்பத்தை எடுத்தாலே இருந்த இடத்தில் சிறுநீர் கழித்துவிடுவாள்.

“பேசாதீங்க, பார்க்காதீங்க. பக்கத்துல சும்மா உட்காருங்க, போதும்,” என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா. பயந்த நாய்க்கு நேர்ப்பார்வையும் தலைக்கு மேல் வரும் கையும் மிரட்டல்தான். தடவுவதென்றால் தாடைக்குக் கீழே, அதுவும் தானாக நெருங்கி வந்த பிறகு. நான்கு ஞாயிறு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஐந்தாவது வாரம் வாய் சும்மா இருக்காமல், மறுநாள் நிகழ்ச்சிக் குறிப்பைத் தணிந்த குரலில் வாசித்தேன். சாலை நெரிசல், வானிலை, பிறந்தநாள் வாழ்த்து. இப்படியே சில வாரம். ஒரு நாள் வானிலை பாதியில் முழங்கையில் ஈர மூக்கு பட்டது. நான் திரும்பவில்லை. கடைசி வாழ்த்து வரை வாசித்து முடித்தேன்.

ஒரு நாய்க்கு ஏன் இவ்வளவு என்று தோழிகள் கேட்கிறார்கள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள் நான். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது நாங்கள் தாமான் வீட்டுக்கு மாறினோம். விடியாத இருட்டில் தாத்தா பால் வெட்டப் போகும்போது முன்னால் ஓடும் மணிக்கு அங்கே இடமில்லை. லாரிக்குப் பின்னால் கோயில் வரை ஓடி வந்தது. “இங்கேயே இருந்துக்கும்,” என்றார் அப்பா. யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. பைரவருக்கு விளக்கேற்றும் குடும்பம் எங்களுடையது.

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி வதைத்தவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. துடைப்பம் பிடித்த கையை எங்கே போய்த் தேடுவது?

கருப்பிக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆயிற்று. வாரில் நடக்கிறாள், கையிலிருந்து சோறு வாங்குகிறாள். தத்துக்குத் தயார். ஆனால் கறுப்பு, உள்ளூர்க் கலப்பு, மூன்று வயதிருக்கும். வருகிறவர்களோ குட்டியைத்தான் தூக்குகிறார்கள். எடுப்பவருக்கு வேலி போட்ட வீடு, மாநகர் மன்ற உரிமம், நிறையப் பொறுமை வேண்டும். தீபாவளி வெடிக்கு நடுங்குவாள். உள்ளறையில் விட்டு வானொலியைப் போட்டு வையுங்கள். (சொந்த விளம்பரம் அல்ல!) என் வாடகைக் கொண்டோவில் நாய் கூடாது.

புந்தோங்கிலிருந்து ஒரு வயதான தம்பதி இரண்டு முறை வந்து பார்த்தார்கள். இரண்டாம் முறை அந்த அம்மா, யாரும் சொல்லாமலே, கூண்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சனிக்கிழமை மறுபடி வருகிறார்களாம்.