ரிவர்ஸ் கியரில் ஒரு ஆறு!

ஆறு எங்கே போய்ச் சேரும்? 'கடலுக்கு'னு ஒண்ணாங்கிளாஸ் வாண்டுகூடச் சொல்லும். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து பார்த்தா, அந்தப் பதிலுக்குப் பாதி மார்க்தான் பாஸ்! இங்கே கொசஸ்தலை ஆறு தினமும் ரெண்டு தடவை கடல்லேர்ந்து ஊருக்குள்ளே ஓடும்.

சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி ட்ரெயின் ஏறுங்க. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டினா எண்ணூர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இந்தப் பக்கம் மீனவக் குப்பங்கள், ஃபைபர் படகுகள்.

வலையைச் சரிபார்த்துட்டிருந்த ஒரு அண்ணன்கிட்ட, "எப்பண்ணே கிளம்புவீங்க?"ன்னேன். மனுஷன் வாட்ச்சைப் பார்க்கலை, தண்ணியைப் பார்த்தார். "இன்னும் ஏறுது தம்பி. நின்னதும் போலாம்!"

எல்லாம் நிலா செய்ற வேலை. அது இழுக்கறதுல பூமிக்கு ரெண்டு பக்கமும் கடல் லேசா மேடாகுது. பூமி சுத்தும்போது நம்ம கரை அந்த ரெண்டு மேட்டையும் கடக்குது. அதான் தினமும் ரெண்டு ஏற்றம், ரெண்டு வற்றம். நிலாவும் நகர்றதால டைம் டேபிள் தினம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். காலை 6 மணிக்கு ஏற்றம்னா, அடுத்தது மாலை 6.25. மறுநாள் காலை 6.50! அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் கைகொடுக்க, ஏற்றம் இன்னும் அதிகம்.

புனல் மாதிரி குறுகும் வளைகுடா ஓரத்தில் இருக்கிற குஜராத்தின் பாவ்நகரில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். சென்னையில் பௌர்ணமிக்கே சுமார் ஒரு மீட்டர்தான். 'ப்பூ, இவ்ளோதானா?'ன்னு நினைக்காதீங்க. எண்ணூர்க் கழிமுகம் தட்டையான பூமி. அந்த ஒரு மீட்டர்தான் உப்புத் தண்ணியையும் இறால் குஞ்சுகளையும் உள்ளே கூட்டிட்டு வருது.

அதே தண்ணிதான் முகத்துவாரத்துக்குத் துப்புரவுத் தொழிலாளியும்! வேகமா வந்து போகும்போது, வாயில் சேர்ற மணலை அள்ளிட்டுப் போகும். உள்ளே சாம்பலும் மண்ணும் கொட்டி ஆறு மேடானா, உள்ளே வர்ற தண்ணி குறையும். தண்ணி குறைஞ்சா வேகம் குறையும். வேகம் குறைஞ்சா வாய் அடைக்கும். வாய் அடைச்சா, மழை வெள்ளம் வடிய வழியில்லாம ஊருக்குள்ளேயே நிக்கும். ஒரு லாரி மண்ணு கொட்டறது சின்ன விஷயமில்லைங்க!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் இங்கே வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்தி மரம்னு எல்லாத்திலும் கறுப்புப் பிசுக்கு. இறாலுக்கும் எண்ணெய்க்கும் தண்ணி வித்தியாசம் பார்க்காதே... ரெண்டையும் சுமந்துட்டு உள்ளேயும் வெளியேயும் போய் வரும்.

ஏற்றம் வர்ற நேரத்தை சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் முன்கூட்டியே அட்டவணை போட்டுத் தருது. கடல் அந்த டைமுக்கு கரெக்ட்டா வந்துடும். உள்ளே வர வழி விட வேண்டியது நாமதான்!