பொருத்தம் பார்ப்பவர்களின் படிப்பு

பிரிஸ்டல், இங்கிலாந்து



எங்கள் ஆய்வகத்துக்கு அவ்வப்போது ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களும் சீரம் குப்பிகளும் இருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதே ரத்தம் நாட்டிலுள்ள மற்ற ஆய்வகங்களுக்கும் போயிருக்கும். நோயாளியின் ரத்தத்தை எப்படிச் சோதிப்போமோ அப்படியே சோதித்து விடையை அனுப்ப வேண்டும். பிறகு எல்லோருடைய விடைகளையும் ஒப்பிட்டு, யார் எங்கே விலகினார்கள் என்று அறிக்கை வரும். விலகியவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். எத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கும் இந்தப் பரீட்சையிலிருந்து விலக்குக் கிடையாது.

உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் திசுப் பொருத்தம் பார்ப்பது என் வேலை. மதுரையில் இருக்கும் அத்தை போனில் பேசும்போதெல்லாம், "இன்னுமாடா பரீட்சை எழுதுறே? அந்தப் படிப்பு எப்பத்தான் முடியும்?" என்று கேட்பார். முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்பதை இந்த மடலில் சொல்ல விரும்புகிறேன்.

நம் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில், பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருகின்றன. தன்னுடையது எது, அந்நியம் எது என்று உடல் பிரித்தறிவது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். இந்த மரபணுக்களின் வெவ்வேறு வடிவங்களுக்கான தரவுத்தளம் 1998இல் தொடங்கியபோது அதில் ஆயிரம்கூட இல்லை. இன்று 40,000த்தைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய பட்டியல் வருகிறது. நான் பட்டம் வாங்கியபோது படித்த பட்டியலை மட்டும் நம்பி இன்று ஒரு நோயாளிக்கு அறிக்கை எழுத முடியாது.

இந்தத் துறை பிறந்ததே ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டதால்தான். 1958இல் ஹாலந்தின் லெய்டனில் வான் ரூட், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரோஸ் பெய்ன், இருவரும் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டார்கள்: பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில், பிறருடைய வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. குழந்தைக்குத் தந்தை வழியாக வந்த பாதியைத் தாயின் உடல் அந்நியமாகப் பார்த்ததன் விளைவு அது. திசு வகையைக் கண்டறிய எங்கள் முன்னோடிகளுக்குக் கிடைத்த கருவி அந்தத் தாய்மார்களின் சீரம்தான். 1964இல் பெர்னார்ட் ஏமஸ் என்பவர் அமெரிக்காவின் டர்ஹாம் நகரில் முன்னணி ஆய்வாளர்களைக் கூட்டி, அவரவர் முறையில் ஒரே செல்களைச் சோதிக்கச் சொன்னார். விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே லெய்டனில் மறுபடி கூடினார்கள். அந்தக் கூட்டங்கள் இன்றுவரை தொடர்கின்றன. எங்களுக்கு வரும் பெட்டியும் அந்த மரபில் வந்ததுதான்.

இதில் உயிர் எவ்வளவு நேரடியாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதை 1969இல் பட்டேலும் டெரசாகியும் எழுதிய கட்டுரை காட்டியது. நோயாளியின் சீரத்தையும் கொடையாளரின் வெள்ளணுக்களையும் முன்கூட்டியே கலந்து பார்ப்பதைக் கிராஸ்மேட்ச் என்போம். அதில் எதிர்ப்புத் தெரிந்தும் சிறுநீரகம் பொருத்தப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனடியாகச் செயலிழந்தது. எதிர்ப்புத் தெரியாத 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி ஆனது. பால் டெரசாகி இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். பிற்காலத்தில் ஒரு துளியிலும் துளியான சீரத்தைக் கொண்டே சோதிக்கும் முறையை உருவாக்கி, உலகத்துக்கே கொடுத்தார்.

இன்று நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளும் லேசர் கருவியும் வந்துவிட்டன. ஒவ்வொரு வகை மணியிலும் ஒரு எச்.எல்.ஏ. புரதம் ஒட்டியிருக்கும், நோயாளியின் எதிர்ப்பொருள் எதில் போய் ஒட்டுகிறது என்பதைக் கருவி எண்ணாகத் தரும். கருவிதான் எண் தருகிறதே, மனிதருக்கு எதற்கு இத்தனை பயிற்சி என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி இது. எதிர்ப்பொருள் மிக மிக அதிகமாக இருக்கும்போது, ரத்தத்திலுள்ள வேறு புரதங்கள் குறுக்கே வந்து, கருவி சில சமயம் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். பழகாதவர், "ஆபத்தில்லை" என்று எழுதிவிடுவார். சீரத்தை நீர்க்கச் செய்து மறுபடி சோதித்தால்தான் உண்மை தெரியும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். மணியில் ஒட்டியுள்ள புரதம் உருக்குலைந்திருந்தால், பொய்யான எதிர்ப்புக் காட்டும். அதை நம்பினால், பொருந்தக்கூடிய சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். நோயாளி டயாலிசிஸுக்குத் திரும்பிப் போவார். முதல் தவறாவது வெளியே தெரியும். இரண்டாவது தவறு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் முன்வரும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி எழும். பிள்ளைகள் பெற்றதால் கணவரின் வகைக்கே எதிரான எதிர்ப்பொருள் மனைவியின் ரத்தத்தில் இருக்கலாம். அந்த எதிர்ப்பு உண்மையானதா, எவ்வளவு வலுவானது என்று சொல்வதில் ஒரு குடும்பத்தின் அடுத்த பல வருடங்கள் அடங்கியிருக்கின்றன.

அதனால்தான் இங்கே பயிற்சியை இவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறார்கள். அறிவியல் பட்டதாரிகளைச் சம்பளம் கொடுத்து மூன்று ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகங்களில் பழக்குகிறார்கள். கூடவே முதுநிலைப் பட்டமும் உண்டு. அதன் பிறகுதான் மருத்துவ விஞ்ஞானியாகப் பதிவு செய்ய முடியும். ஆலோசகர் நிலைக்குப் போக விரும்பினால் மேலும் ஐந்தாண்டுப் பயிற்சியும், நோயியல் வல்லுநர்களின் ராயல் கல்லூரித் தேர்வுகளும் இருக்கின்றன. பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது நூற்றுக்கு இரண்டரைப் பேர் வீதம் தேர்ந்தெடுத்து, என்ன கற்றீர்கள் என்று ஆதாரத்தோடு எழுதச் சொல்வார்கள். கற்றதால் நோயாளிக்கு என்ன நன்மை என்பதும் அதில் இருக்க வேண்டும். நான் மிகவும் மதிக்கும் விதி இது. சான்றிதழ் சேர்ப்பதற்காக மாநாட்டுக்குப் போகிறவர்களை இந்த ஒரு கேள்வி நிறுத்திவிடும்.

ஆனாலும் நான் அதிகம் கற்ற இடம் வகுப்பறையோ மாநாடோ இல்லை. பழைய கேஸ்களை எடுத்து வைத்துக்கொண்டு, பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "இந்த அறிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்கும் நேரம்தான் அது. நான் யோசிக்காத கேள்வியை அவர்கள் கேட்பார்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் எச்.எல்.ஏ. பொருத்தம் வேண்டும். எலும்பு மஜ்ஜைக்கான கொடையாளர் பதிவேட்டை, நோயுற்ற மகன் ஆண்டனிக்காக 1974இல் லண்டனில் தொடங்கினார் ஷெர்லி நோலன். பொருத்தமான கொடையாளர் கிடைக்காமலே 1979இல் அந்தச் சிறுவன் இறந்துபோனான். அவன் பெயரில் அந்தப் பதிவேடு இன்றும் இயங்குகிறது. எச்.எல்.ஏ. வகைகள் வம்சாவளியைச் சார்ந்தவை. இங்குள்ள பதிவேடுகளில் தெற்காசியர்கள் குறைவு என்பதால், தமிழ் நோயாளிக்குப் பொருத்தம் கிடைப்பது வெள்ளையருக்குக் கிடைப்பதைவிடக் கடினம். 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற பதிவேடுகளில் சேரும் ஒவ்வொருவரும் கடல் கடந்த நோயாளிக்கும் நம்பிக்கை தருகிறார்கள்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. 2008இல், மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் இதயத்தைக் கொண்டுபோகச் சென்னைச் சாலைகள் வழிவிட்டன. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. ஆம்புலன்ஸும் அறுவை சிகிச்சை நிபுணரும் நமக்குத் தெரியும். அதே இரவில் மைக்ரோபிப்பெட்டோடு கண்விழித்திருக்கும் ஆய்வகக்காரரை யாருக்கும் தெரியாது.

உறுப்பு மாற்று நடக்கும் மருத்துவமனையின் நிர்வாகிகள் இதைப் படித்தால், அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் திசுப் பொருத்த ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குப் படிப்பதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள். வெளி ஆய்வகங்களோடு விடைகளை ஒப்பிடும் திட்டத்தில் சேருங்கள்; அதற்கான கட்டணத்தைச் செலவுக் குறைப்பில் முதலில் வெட்டாதீர்கள். விடை தவறியவரைத் தண்டிக்காமல், ஏன் தவறியது என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பயோடெக்னாலஜி படித்துவிட்டு வேலை தேடும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் இப்படி ஒரு துறை இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்