மைக்கண்ணிக்குப் பெயர் கொடுத்தவர்

எழுத்தாளர் பாமா நம் மாவட்டத்துக்காரர். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய அனுபவத்தையும் சேர்த்து எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. நம் தெருப் பேச்சையே அவர் எழுத்து மொழியாக்கினார்.

'சங்கதி'யில் வரும் மைக்கண்ணி, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் சிறுமி. அவளை நாம் ஊரில் பார்த்திருக்கிறோம். புத்தகத்தில் பார்த்தது அதுவே முதல்முறை. அரசாங்கக் கணக்கில் 'குழந்தைத் தொழிலாளர்' என்று வெறும் எண்ணாக இருந்தவளுக்குப் பாமா பெயரும் பேச்சும் கொடுத்தார்.

2021இல் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவை நீக்கியது. நீக்கட்டும். நம் படிப்பு வட்டங்களில் சத்தமாக வாசிப்போம். பட்டாசு ஆபீஸ் வெடித்தால் இன்றும் 'இத்தனை பேர் பலி' என்றுதான் செய்தி வருகிறது. அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம்தான் எழுத வேண்டும்.