காலும் கையும் கண்ட தேசம்

வட இந்திய யாத்திரை சென்று திரும்பிய நண்பர் ஒருவரை, "என்ன பார்த்தீர்கள்?" என்று விசாரித்துப் பாருங்கள். ஆக்ராவில் தாஜ்மகால், டில்லியில் செங்கோட்டை, காசியில் விசுவநாதர் என்று பட்டியல் வரும். அதன் பின், எந்த ஊரில் இட்லி கிடைத்தது, எந்த ஊரில் கிடைக்கவில்லை என்ற சரித்திரம் விரிவாக வரும். கங்கை நீர் எவ்வளவு குளிர்ந்தது, இமயத்துக் காற்று மூச்சை எப்படி இளைக்க வைக்கிறது, பாலைவன மணலில் கால் எவ்வளவு ஆழம் புதைகிறது என்று கேட்டால் நண்பர் விழிப்பார். அவர் கண்களை மட்டுமே யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். கைகால்களை ரயில் பெட்டியிலேயே உட்கார வைத்துவிட்டார்!

நம் தேசம் சிறிய தேசமன்று. வடகோடியிலிருந்து தென்கோடி வரை 3,214 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கே 2,933 கிலோமீட்டர். ஜனவரி மாதத்தில் லடாக்கின் ஸான்ஸ்கார் நதி உறைந்து, மனிதர் அதன் மேல் நடந்து செல்கிறார்கள். அதே மாதத்தில் மாமல்லபுரத்துக் கடலில் சிறுவர்கள் வெற்றுடம்புடன் நீந்துகிறார்கள். இத்தகைய தேசத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிந்துவிட முடியுமா? முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். காசிக்குச் செல்வோர் கால்நடையாகவே சென்றார்கள். திருநாவுக்கரசர் கயிலையை நோக்கி நடந்து, கால் தேய்ந்த பின் கையாலும் மார்பாலும் ஊர்ந்து சென்றார் என்று பெரிய புராணம் கூறுகிறது.

மலையேற்றம், தெப்பப் படகு, அலைச்சறுக்கு, கடலடி நீச்சல் முதலியவற்றைப் பணக்கார வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கி விடுகின்றனர். நமக்கு அது சரியென்று தோன்றவில்லை. பழைய யாத்திரை இன்று எடுத்திருக்கும் புதிய வடிவம் இது. நம் குழந்தைகள் பெற வேண்டிய கல்வியில் ஒரு பகுதியும் ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியின் மேல் வகுப்பு மாணவ மாணவியர் 18 பேருடன் நாங்கள் ரிஷிகேசம் சென்றிருந்தோம். ரிஷிகேசத்துக்குச் சுமார் 16 கிலோமீட்டர் மேலே சிவபுரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து காற்றடைத்த ரப்பர் தெப்பத்தில் ஏறி, கங்கையின் போக்கிலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு ரிஷிகேசத்துக்கு வரலாம். தேவப்பிரயாகையில் அளகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கை என்ற பெயர் பெற்ற பின், மலைகளை விட்டு இறங்கும் அவசரத்தில் நதி ஓடும் இடம் அது. பாறைகளில் மோதி நீர் கொந்தளிக்கும் துறைகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஆறாந் தரத்தில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும். சிவபுரிக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் மூன்றாந் தரத்துக்குட்பட்டவை. அவற்றுக்கு 'ரோலர் கோஸ்டர்' என்றும் 'கோல்ஃப் கோர்ஸ்' என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஆயிரம் நாமங்கள் கொண்ட கங்காதேவிக்கு ஆயிரத்தோராவது நாமம் 'கோல்ஃப் கோர்ஸ்'!

தெப்பம் ஓட்டும் கடுவால் நாட்டு இளைஞர், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, தலைக்கவசத்தையும் கட்டிவிட்ட பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீந்தத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்."

18 பேரில் நான்கு கைகள் எழுந்தன.

"மாஸ்டர்ஜி, உங்கள் ஊர்ப்பக்கம் நதி கிடையாதா?" என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. மெய்யாகவே அறிய விரும்பினார். காவேரிக் கரையிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

அவர் நேரத்தை வீணாக்காமல் பாடத்தைத் தொடங்கினார். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுக்க வேண்டும். கால்களை நீரோட்டத்தின் திசையில் முன்னே நீட்டிக்கொள்ள வேண்டும். பாறை வந்தால் முதலில் கால் படட்டும், தலை படக்கூடாது. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் வெள்ளம் ஆளை அமுக்கிவிடும். கரையிலிருந்து எறியும் கயிற்றை மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டும். பத்தே நிமிஷப் பாடம். வகுப்பில் எங்கள் பாடத்தை அவ்வளவு கவனமாக எந்த மாணவரும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் கொந்தளிப்பில் தெப்பம் செங்குத்தாக எழும்பி விழுந்தது. பனிமலை உருகி வந்த நீர் முகத்தில் அறைந்தது. கூச்சலிட்டவர்கள், அடுத்த துறையில் கூச்சலை விட்டு ஒன்றாகத் துடுப்புப் போடக் கற்றார்கள். ஒருவர் சோம்பினால் தெப்பமே திரும்பிவிடும் அல்லவா? நீர் அமைதியான ஓரிடத்தில், பக்கக் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கலாம் என்றார் இளைஞர். புறப்படும்போது கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி முதலில் இறங்கினாள். சிறிது நேரம் மிதந்த பிறகு கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

ஊர் திரும்பிய மறுவாரம் அவளுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். "ஐயா, இவள் நீச்சல் கற்றே தீருவேன் என்கிறாள். எங்கே அனுப்புவது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆற்றில் பல மாதங்கள் மணல். தண்ணீர் வரும் மாதங்களில் பயம். பிள்ளைகளின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் குளத்தில் இறக்கிவிடும் தாத்தாக்கள் இன்று இல்லை. கடைசியில் பக்கத்து நகரத்து நீச்சல் குளத்தில் சனிக்கிழமை தோறும் ஏற்பாடு செய்தோம். அவளோடு இன்னும் பதினொரு பேர் சேர்ந்தார்கள். கங்கை யாத்திரையில் நாங்கள் பெற்ற புண்ணியம் இதுதான் என்று கருதுகிறோம்.

இனி இமயத்துக்குச் செல்வோம். அங்கே நடக்கப் போகும் சமவெளிக்காரர் முதலில் கற்க வேண்டியது மெதுவாக நடப்பதை. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. விமானத்தில் விரைந்து சென்று இறங்கிவிடலாம். ஆனால் உடலுக்கு அந்த உயரம் அவ்வளவு விரைவில் பழகாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று அது முறையிடத் தொடங்கும். முதலிரண்டு நாட்கள் ஓய்வெடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, முந்தின இரவு படுத்த இடத்தைவிட மறு இரவு படுக்கும் இடம் 500 மீட்டருக்கு அதிகமாக உயரக்கூடாது. தொல்லை முற்றினால் மருந்தை மட்டும் நம்பாமல் உடனே கீழே இறங்க வேண்டும். மலையில் வெட்கப்படாமல் திரும்பி வரத் தெரிந்தவனே வீரன்.

முதன்முறை செல்லும் குடும்பத்தாருக்கு உத்தராகண்டத்துப் பூப்பள்ளத்தாக்கை நாம் சிபாரிசு செய்வோம். 1931ல் காமெத் சிகரம் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்பவர் அதைக் கண்டு மயங்கி, பின்னர் ஒரு புத்தகமே எழுதினார். ஆண்டில் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு முழுவதும் பூ. காங்கரியா என்ற ஊர் வரை நடந்து சென்று தங்கி, அங்கிருந்து பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். அதே காங்கரியாவிலிருந்து பிரியும் மற்றொரு பாதை, 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஹேமகுண்டம் என்னும் சீக்கியப் புண்ணியத் தலத்துக்குச் செல்கிறது. அந்தச் செங்குத்துப் பாதையில் கோலூன்றி ஏறும் வயோதிகர்களைப் பார்த்தால், "எனக்கு முழங்கால் வலி" என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது.

மலையை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நம் நாட்டிலேயே கல்விச்சாலைகள் உண்டு. 1953 மே 29ந் தேதி, ஹில்லாரியுடன் எவரெஸ்டில் கால் வைத்தவர் டென்சிங் நார்கே; பிறர் மூட்டையைச் சுமக்கும் கூலியாக மலை வாழ்க்கையைத் தொடங்கியவர். மறு ஆண்டே டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டு, மலைப் பயிற்சிக்கு அவர் தலைவரானார். 1965ல் உத்தரகாசியில் நேரு பெயரால் மற்றொரு கழகம் தோன்றியது. அதே 1965ல் எம். எஸ். கோலியின் தலைமையில் சென்ற இந்தியக் குழுவினர் ஒன்பது பேர் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். உத்தரகாசியில் பயின்ற பசேந்திரி பால், 1984ல் அங்கே ஏறிய முதல் இந்தியப் பெண்மணி ஆனார். ஆயினும் மலை எவருடைய சான்றிதழையும் படித்துப் பார்ப்பதில்லை. 2022 அக்டோபரில் உத்தரகாசிக் கழகத்திலிருந்து பயிற்சிக்குச் சென்றோரில் 25 பேருக்கு மேல் பனிச்சரிவில் மாண்டனர். கற்றவர்களுக்கே அப்படியென்றால், கல்லாமல் ஏறுவோரைப் பற்றி என்ன சொல்வது?

மற்ற இடங்களை விரைவாகவே சொல்லிச் செல்லலாம். காச்மீரத்துக் குல்மார்க்கில் பனிச்சறுக்கு. ஜெய்ஸல்மேரை அடுத்த மணற்குன்றுகளில் ஒட்டகச் சவாரி. இமாசலத்துப் பில்லிங் மலையிலிருந்து துணிச்சிறகு விரித்துப் பறக்கிறார்கள்; 2015ல் அங்கே உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. மேகாலயத்தில் ஆலமரத்தை ஒத்த ஒருவகை மரத்தின் உயிருள்ள வேர்களை ஓடையின் குறுக்கே பின்னி வளர்த்துப் பாலமாக்கியிருக்கிறார்கள் காசி இன மக்கள். நோங்ரியாத்தில் உள்ள இரண்டடுக்குப் பாலத்தைக் காண மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். திரும்பும்போது அத்தனையும் ஏறவேண்டும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

கடலுக்கு வருவோம். அந்தமானின் சுவராஜ் தீவில், தக்க ஆசானின் கையைப் பற்றிக்கொண்டு, முதுகில் காற்றுக் கலத்துடன் கடலுக்கடியில் சென்று பவளப் பாறைகளைக் காணலாம். பவளம் கல் அன்று, உயிர்ப் பிராணி. தொட்டாலும் மிதித்தாலும் மடியும். நம் சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குக் கற்றுத் தருகிறார்கள். 2023ல் பல நாட்டு வீரர்கள் மாமல்லபுரம் வந்து போட்டியிட்டார்கள். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்த கடற்கரைக்கு இது புதிதா என்ன? அவ்விளைஞர்கள் சொல்லித் தரும் ஒரு பாடம் கரையில் நிற்பவர்களுக்கும் உதவும். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் சிக்கினால், அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

இவ்வளவும் படித்த பின், "குரங்கணியை மறந்துவிட்டீர்களா?" என்று பெற்றோர் கேட்கலாம். மறக்கவில்லை. 2018 மார்ச் 11ந் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடந்து சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். காட்டில் புல் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும் மாதம் அது. அச்செய்தியைப் படித்த நாள் முதல் எத்தனையோ வீடுகளில், "மலையும் வேண்டாம், காடும் வேண்டாம்" என்ற தீர்ப்பு எழுதப்பட்டது. பெற்ற வயிற்றின் அச்சத்தை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பு பிள்ளைகளைக் காக்கிறதா? குளத்தங்கரையில் கால் வழுக்குவதற்கு மலையேற வேண்டியதில்லை. நீந்தத் தெரியாமல் நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் ஆண்டுதோறும் மடியும் சிறுவர்கள் சாகசத்தைத் தேடிச் சென்றவர்கள் அல்லர், குளிக்கச் சென்றவர்கள்.

தடை போடுவது எளிது, கற்பிப்பது கடினம். கடினமான வழியே சரியானது. குரங்கணிக்குப் பின் அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024ல் தமிழ்நாடு வனத்துறை 40 மலைப்பாதைகளைத் தேர்ந்து, எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தி, முன்பதிவுடன் திறந்தது. காட்டைத் தம் வீடாக அறிந்த பழங்குடி இளைஞர்களும் மலைக்கிராமத்து இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. கங்கையிலும் மழைக்காலத்தில் தெப்பங்கள் கரையேறிவிடுகின்றன. பருவத்துக்குக் கட்டுப்படுவது கோழைத்தனமன்று.

ஆகவே பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்கட்டும். அழைத்துச் செல்பவருக்கு வனத்துறையின் அனுமதி உண்டா? உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா? இது அதற்குரிய பருவந்தானா? வழியில் ஒருவருக்கு முடியாமற் போனால் திரும்பி அழைத்துவர ஏற்பாடு என்ன? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் கட்டணம் எவ்வளவு மலிவாயினும் மறுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வேறு கேள்வித்தாள் வேண்டியதில்லை. பசேந்திரி பாலின் வீட்டிலும் முதலில் தயங்கத்தான் செய்திருப்பார்கள்.

இமயம் வரை போகப் பொருள் இல்லையே என்று ஏங்க வேண்டாம். நம் ஊருக்கருகே ஒரு குன்று இருக்கும். குன்றின் மேல் ஒரு கோயிலும் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிப்பாதையை விட்டுப் படிப்பாதை வழியே குடும்பத்தோடு ஏறுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். காலிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோடை விடுமுறைக்குள் வீட்டில் ஒரு பிள்ளையாவது நீச்சல் கற்கட்டும். ஓராண்டு இப்படிப் பழகிய குடும்பம் ரிஷிகேசத்துக்கோ காங்கரியாவுக்கோ புறப்படும்போது, அங்குள்ள வழிகாட்டி கேட்கும் முதல் கேள்விக்கு எல்லாரும் கையைத் தூக்கலாம்.