துர்துக்கில் மூணு ராத்திரி

ஆபீஸ்ல ஆணி ஓவர். ஒரு ரிலீஸுக்கும் அடுத்த ரிலீஸுக்கும் நடுவுல கிடைச்ச சின்ன கேப்புல, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற இந்த விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தாச்சு.

2024 ஆகஸ்ட்ல லடாக் போயிருந்தேன். பயப்படாதீங்க, பாங்காங் ஏரி முன்னாடி கையை விரிச்சு நின்ன போட்டோ எல்லாம் போட மாட்டேன். அதை நம்மாளுங்க ஏற்கனவே அடிச்சு துவைச்சு காயப் போட்டுட்டாங்க. இது துர்துக்ங்கிற ஊரைப் பத்தி. இந்தியாவோட வடக்கு ஓரத்துல, கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஊர். வெளியூர்க்காரங்களை 2010ல தான் உள்ள விட ஆரம்பிச்சாங்க.

லேயிலேர்ந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். நம்ம ஊர் கணக்குக்கு வேளச்சேரியிலேர்ந்து திண்டிவனம் தாண்டி விழுப்புரம், இன்னும் கொஞ்ச தூரம். ஆனா முழுசா ஒரு பகல் ஆகுது. நடுவுல கர்துங் லா கணவாய். "18,380 அடி, உலகத்துலயே உயரமான வண்டிப் பாதை"ன்னு ரொம்ப வருஷமா போர்டு வெச்சிருந்தாங்க. ஜிபிஎஸ் வெச்சு அளந்தா 17,582 அடி தான் வருது. அந்த 'உலகத்துலயே' பட்டமும் 2021ல உம்லிங் லாவுக்குப் போச்சு. எத்தனை அடியா இருந்தா என்ன, எனக்கு மூச்சு வாங்கினது நிஜம்.

கணவாய் இறங்கினா ஷ்யோக் ஆறு. அப்புறம் டிஸ்கிட், ஹுண்டர். ரெட்டைத் திமில் ஒட்டகமும் மணல்மேடும் அங்கதான். சுற்றுலாக் கூட்டம் பெரும்பாலும் அங்கயே நின்னுடுது. நாங்க ஆத்தை ஒட்டியே இன்னும் மேற்கே போனோம். வழியில ஒரு செக்போஸ்ட். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த ஜவான், "வேளச்சேரியா? தரமணி ரோட்ல இப்பவும் அதே டிராபிக் தானா?"ன்னு சுத்தத் தமிழ்ல கேட்டார். ஆரணிப் பக்கமாம். ரெண்டு நிமிஷம் பேசினோம். "பத்திரமா போங்க தம்பி, சாயங்காலம் காத்து அடிக்கும்"னு சொல்லி கேட்டைத் தூக்கினார். அங்க போய் தமிழ்ல 'தம்பி' கேட்டா எப்படி இருக்கும்னு கேட்டுத்தான் பார்க்கணும்.

இனி ஹோட்டல். ஹோட்டல்னு பலகையில எழுதியிருக்கு, அவ்ளோதான். வண்டி மெயின் ரோட்லயே நின்னுடும். பையைத் தூக்கிட்டு பாலத்தைத் தாண்டி, மேட்டுல ஏறி, சந்து சந்தா நடந்து போகணும். கல்லும் மண்ணும் மரமும் வெச்சு கட்டின பழைய வீடு. மேல்கூரைக்கு பாப்லர் மரக்கட்டை, அதுக்கு மேல குச்சி, அதுக்கு மேல மண். தரையில மெத்தை, ரெண்டு தடிமனான ரஜாய். கீழ்த்தளத்துல ஆடு மாடு. குளிர்காலத்துல அதுங்க மூச்சுச் சூடே மேல இருக்கிறவங்களுக்கு ஹீட்டராம்.

ரூமுக்குள்ள நுழையறப்பவே நெத்தியில 'டங்'. கதவு என் தோள் உயரத்துக்கு கொஞ்சம் மேல தான் இருக்கும். வீட்டுக்காரர் ஓடி வந்து சிரிச்சுக்கிட்டே, "எல்லாரும் ஒரு தடவை இடிச்சுக்குவாங்க, அப்புறம் தலை தானா குனியும்"னார். குளிர் உள்ள வராம இருக்கத்தான் கதவு குட்டை. அவருக்கு அறுபது வயசு இருக்கும். எல்லாரும் கூப்பிடற மாதிரி நானும் சாச்சான்னே கூப்பிட்டேன்.

கரண்ட் ஏழு மணிக்கு வந்துச்சு, பத்தரைக்குப் போச்சு. வெந்நீர் காலையில ஒரு பக்கெட். கக்கூஸ் பழைய லடாக் பாணி: மாடியில ஒரு ரூம், தரையில ஒரு ஓட்டை, மூலையில மண்ணும் சாம்பலும் குவிச்சு ஒரு மண்வெட்டி. போன வேலை முடிஞ்சதும் ரெண்டு வெட்டு மண்ணைத் தள்ளிட்டு வரணும். நாத்தமே கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை கீழ இருந்து எடுத்து வயலுக்கு உரமா போடறாங்க. குழாய்த் தண்ணி உறைஞ்சு போற ஊர்ல இதைவிட புத்திசாலித்தனமான டிசைன் கிடையாதுன்னு ஒரு இஞ்சினியரா சான்றிதழ் கொடுக்கிறேன் :)

சாப்பாட்டுக்கு கிசிர். அங்க வெளையிற ஒரு வகைக் கோதுமை (பேருதான் கோதுமை, வடக்க 'குட்டு'ம்பாங்க), அந்த மாவுல சுடற தோசை. தோசைன்னு நான் சொல்றேன், பார்த்தா நீங்களும் அதைத்தான் சொல்லுவீங்க. தயிர்ல ஏதோ பச்சிலை அரைச்சுப் போட்டு தொட்டுக்க. அப்புறம் ஆப்ரிகாட், அவங்க பாஷையில சூலி. ஆகஸ்ட்ல போனதால வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில ஆரஞ்சு கலர்ல காயுது. நம்ம வீட்ல வடாம் காயப் போட்ட மாதிரி. பழத்தைத் தின்னுட்டு கொட்டையை எறியக்கூடாது, உடைச்சா உள்ள பாதாம் மாதிரி பருப்பு. எண்ணெயும் ஆட்டறாங்க.

மறுநாள் முழுக்க ஊர் சுத்தினேன். மலையிலேர்ந்து வர்ற ஓடையைப் பிரிச்சு சந்துக்குச் சந்து வாய்க்கால் ஓட விட்டிருக்காங்க. எங்க விஜயநகர் பக்கமும் டிசம்பர்ல தெருவுல தண்ணி ஓடும், 2015ல வீட்டுக்குள்ளயே ஓடுச்சு. அதனால தண்ணி ஓடற சத்தம் கேட்டு சந்தோஷப்பட எனக்கு ஒரு நாள் ஆச்சு.

இன்னொன்னு பார்த்து அசந்துட்டேன், நங்சுங். கல்லை அடுக்கி, இடுக்கு விட்டுக் கட்டின சின்ன குகை மாதிரி ரூம். பாறை இடுக்குல பனித்தண்ணி ஓடற இடத்துல வெச்சிருக்காங்க. அந்தச் சில்லுக் காத்து இடுக்கு வழியா உள்ள வருது. வெண்ணெய், பால், கறி எல்லாம் அதுலதான். வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது, உள்ள கையை விட்டா ஃப்ரிட்ஜ். கரண்ட் பில் கிடையாது, கம்ப்ரஸர் ரிப்பேர் கிடையாது.

இந்த ஊர் ஜனங்க பல்தி. பேசறது பல்தி பாஷை, திபெத்திய பாஷைக் குடும்பம். ஆனா மதம் இஸ்லாம், பெரும்பாலும் நூர்பக்‌ஷியா பிரிவு. இவங்க சொந்தபந்தம் எல்லாம் ஸ்கர்தூ, கப்லு பக்கம். அது இப்போ பாகிஸ்தான் கையில. அங்க தான் கதை.

ரெண்டாம் நாள் ராத்திரி கரண்ட் போனதுக்கு அப்புறம் அடுப்பு பக்கத்துல உட்கார்ந்து உப்பு டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். என் இந்தி ரூம்மேட் புண்ணியத்துல கத்துக்கிட்ட இந்தி. அவர் இந்தியும் எல்லாரையும் போல அவருக்கு ரெண்டாவது பாஷை. ரெண்டு பேருமே மெதுவா பேசினதால நல்லா புரிஞ்சுது.

"நான் பாகிஸ்தான்ல பொறந்தேன். இதே வீட்லதான்"னார்.

1947 வரைக்கும் காஷ்மீர் மகாராஜா ஆட்சி. 1948 சண்டைக்கு அப்புறம் பாகிஸ்தான். 1971 டிசம்பர்ல மேஜர் சேவாங் ரிஞ்சென் தலைமையில இந்திய ராணுவம் இந்தப் பள்ளத்தாக்குல முன்னேறி சலுங்கா, துர்துக், தியாக்‌ஷி, தாங் நாலு ஊரையும் பிடிச்சது. ரிஞ்சென் இதே நுப்ராக்காரர். 1948லயும் 1971லயும் ரெண்டு தடவை மகாவீர் சக்ரா வாங்கினவர். 1972 சிம்லா ஒப்பந்தத்துல மத்த இடத்துல பிடிச்ச நிலத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தாங்க. ஜம்மு காஷ்மீர்ல மட்டும் 1971 டிசம்பர் 17 அன்னிக்கு யார் எங்க நின்னாங்களோ அதுவே கோடுன்னு முடிவாச்சு. அதனால இந்த நாலு ஊரும் இந்தியாவோட நின்னுடுச்சு. வீட்டை விட்டு ஒரு அடி நகராம எண்பது வயசுக்காரர் மூணு கொடியைப் பார்த்திருக்கார்.

சாச்சாவுக்கு அப்போ ஏழு வயசு. அண்ணனுக்குப் பதினாறு. படிக்கறதுக்காக ஸ்கர்தூ போயிருந்தார். குளிர்காலம் முடிஞ்சு வர்றதா ஏற்பாடு. வரல. வர முடியல. பறவையா இருந்தா நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். மனுஷனா இருந்தா லே, டெல்லி, வாகா, லாகூர், இஸ்லாமாபாத், ஸ்கர்தூ. அதுவும் விசா கிடைச்சா.

அண்ணன் உயிரோட இருக்கார்ங்கிறதே 1980களில் தான் தெரிஞ்சதாம். ஹஜ் போன ஊர்க்காரர் ஒருத்தர் மெக்காவில அவரைப் பார்த்துட்டு வந்து சொல்லியிருக்கார். அம்மா அதுக்குள்ள போயாச்சு. அப்பா ரெண்டு தடவை விசா கேட்டார், கிடைக்கல, அவரும் போயாச்சு.

அப்புறம் செல்போன் வந்து, வாட்ஸப் வந்து, 2018ல முதல் தடவையா வீடியோ கால். நாப்பத்தாறு வருஷம் கழிச்சு. சாச்சாவுக்கு அண்ணன் முகமே ஞாபகம் இல்ல. திரையில வெள்ளைத் தாடியோட ஒரு கிழவர். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கதவை உசத்திட்டீங்களா, இல்ல இன்னும் தலை இடிக்குதா?"

இதைச் சொல்லிட்டு சாச்சா சிரிச்சார். நானும் சிரிச்சேன். நெத்தியைத் தடவிப் பார்த்துக்கிட்டேன். அண்ணன் 2021ல தவறிட்டாராம். "கதவை உசத்தச் சொல்லி பையன் சொல்லிட்டே இருக்கான், டூரிஸ்ட் எல்லாம் இடிச்சுக்கறாங்கன்னு. நான் விடறதில்லை"ன்னார். வேற எதுவும் சொல்லல. உள்ள போயிட்டார்.

எனக்கு அன்னிக்கு தூக்கம் வரல. ஷ்யோக் சத்தம் ஒரு காரணம். என் பாட்டி இன்னொரு காரணம்.

எங்க பாட்டி பொறந்தது இலங்கையில, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல. 1964ல சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் போட்டப்போ, மலையகத் தமிழர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு கணக்குப் போட்டாங்க. மீதி ஒண்ணரை லட்சம் பேரை 1974ல பாதிப் பாதியா பிரிச்சாங்க. எக்ஸல் ஷீட் மாதிரி. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். பாட்டியோட தங்கச்சி வீட்டுக்காரர் இலங்கைக்கு. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. அரசு தேயிலைத் தோட்டத்துல மறுபடி அதே கொழுந்து பறிக்கிற வேலை. அங்க 'இந்தியாக்காரி', இங்க 'சிலோன்காரி'. அக்காவும் தங்கச்சியும் பார்த்துக்கிட்டது அந்த ரயில்வே ஸ்டேஷன்ல தான் கடைசி. இன்னிவரைக்கும்.

சின்ன வயசுலேர்ந்து இந்தக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். ஆனா அது 'பாட்டி கதை'யாவே இருந்தது. வேற ஒரு மலையில, வேற பாஷையில, இன்னொருத்தர் வாயால கேட்டப்போ தான் சுருக்குன்னு தெச்சுது.

ஊருக்குத் திரும்பினதும் ஒரு கிலோ காய்ஞ்ச ஆப்ரிகாட்டோட கோத்தகிரி போனேன். பாட்டிகிட்ட சாச்சா கதையை முழுசா சொன்னேன். பாட்டி முதல்ல கேட்டது, "அந்த ஊட்டுல ஆடு எத்தினி இருக்கு?" அப்புறம், "கடைசி வரைக்கும் போக உடலையா?" இல்ல பாட்டின்னேன். ஒரு ஆப்ரிகாட்டை வாயில போட்டு ரொம்ப நேரம் மென்னுக்கிட்டே இருந்துச்சு. கொட்டையைத் துப்பி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு சொல்லுச்சு: "எனக்கு ஒரு பாஸ்போட்டு எடுத்துக் குடு."

பிளைட்ல கொழும்பு ஒண்ணரை மணி நேரம்னு சொல்லிப் பார்த்தேன். ஊஹூம். வந்தது கப்பல்ல, போறதும் கப்பல்ல தானாம். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சது. கடல் நல்லா இருக்கிற மாசமா பார்த்துப் போகணும். பாட்டி பொறந்த தேதிக்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தக் காலத்துல கொடுத்த குடும்ப அட்டை. அதை வெச்சு என்னென்ன ஆபீஸ் ஏறி இறங்கினோம்ங்கிறதை தனியா ஒரு தொடரா எழுதலாம். ஒரு வழியா பாஸ்போர்ட் கைக்கு வந்தாச்சு. பாட்டி அதை அரிசி டப்பாவுக்குள்ள வெச்சிருக்கு.

2025 ஏப்ரல்ல பஹல்காம் சம்பவத்துக்கு அப்புறம் அட்டாரி எல்லையை மூடினாங்க. மே மாசம் நாலு நாள் சண்டை. அந்த நாலு நாளும் சாச்சாவுக்கு போன் போட்டுப் பார்த்தேன், கிடைக்கல. அஞ்சாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: "எல்லாரும் நல்லா இருக்கோம். உன் பாட்டி போயிட்டு வந்தாச்சா?"

இன்னும் இல்ல சாச்சா. டிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

போக நினைக்கிறவங்களுக்கு சில குறிப்புகள்:

1. லேயில ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடங்க. 3,500 மீட்டர் உயரம் விளையாட்டு இல்ல. உடனே கர்துங் லா ஏறாதீங்க.

2. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எடுத்துட்டுப் போங்க. அனுமதிச் சீட்டு விதிகள் அடிக்கடி மாறுது, லே போனதும் விசாரிச்சுக்கோங்க.

3. கையில பணம் வெச்சுக்கோங்க. ஏடிஎம்மை நம்பாதீங்க.

4. பொம்பளைங்களைக் கேக்காம போட்டோ எடுக்காதீங்க. அவங்களுக்கு அது பிடிக்கல. மரத்துல இருக்கிற பழத்தைக் கேக்காம பறிக்காதீங்க. கேட்டா கூடை நிறைய கொடுப்பாங்க.

5. '71 பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க. அடுப்பு பக்கத்துல உட்கார்ந்து டீ குடிங்க. அவங்களா சொன்னா கேளுங்க.

6. கதவுல குனிஞ்சு போங்க.