தப்பாகத் தொட்டுப் பார்ப்பது

ப்ளே ஸ்டோரில் ‘கிட்ஸ் லேர்னிங்’ என்று தட்டினால் போதும், யானையும் ராக்கெட்டும் பல்லை இளித்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்கும். முக்கால்வாசிக்கு நாலு ஸ்டாருக்குக் குறைவில்லை. விமர்சனங்களைப் படித்தால், ‘என் பையன் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்’ என்பதுதான் பெரிய பாராட்டு. அது ஆப்பின் பெருமையா, பெற்றவளின் களைப்பா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அக்கா மகளுக்கு நாலு வயது. எந்த ஆப்பைப் போடலாம் என்ற கேள்வி வந்தால் டேப் என் மடிக்கு வந்துவிடும். நான் செய்வது ஒன்றுதான். திறந்ததும் வேண்டுமென்றே தப்பாகத் தொடுவேன்.

தமிழ் எழுத்து சொல்லித்தரும் ஆப் ஒன்று. புள்ளி வைத்த ‘அ’வின் மேல் விரலை ஓட்ட வேண்டும். கடைசியில் இழுக்க வேண்டிய நெட்டுக்கோட்டை முதலில் இழுத்தேன். கைதட்டல். அடுத்து, சுழி எங்கே என்றே பார்க்காமல் கிறுக்கினேன். பலூன் பறந்தது. மணலில் விரலைப் பிடித்து எழுத வைத்த வாத்தியார் இதைவிடக் கண்டிப்பானவர். ‘ஃ’ பக்கத்தில் எஃகு. நாலு வயதுக்கு எஃகு எதற்கு என்று தெரியவில்லை; ஆனால் எல்லா அரிச்சுவடியிலும் அதே கதிதான், இதை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று உச்சரித்ததும் எடுத்துவிட்டேன்.

கேத்தி ஹிர்ஷ்-பாஸெக்கும் சக உளவியலாளர்களும் 2015-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த விஷயத்தில் உருப்படியானது. அது நாலு சோதனை வைக்கிறது. ஓட வேண்டியது விரல் இல்லை, மூளை. கவனம் சிதறக் கூடாது. படிப்பது பிள்ளையின் வாழ்க்கையோடு ஒட்ட வேண்டும். பக்கத்தில் பேச ஆள் வேண்டும். கதைக்கு நடுவில் தொட்டதெல்லாம் டான்ஸ் ஆடும் மீன்கள் இரண்டாவது சோதனையிலேயே அடிபட்டுப் போகும்.

காசு விஷயமும் உண்டு. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் ஆப்புக்குள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர 2014-இல் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் 15 நிமிடம் மறுபடி கேட்காத ஏற்பாடு அப்போது இருந்தது. இப்போது பல ஆப்களில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பெருக்கல் கணக்குதான் பூட்டு. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அது பூட்டே இல்லை. கான் அகாடமி கிட்ஸில் இந்தத் தொல்லை கிடையாது: கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. தமிழும் இல்லை என்பதுதான் என் குறை. தமிழ்க் கதைக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. நாமே உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா மகளின் அண்ணனுக்கு ஆறு வயது. அவனுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் போட்டுக் கொடுத்தேன். எம்.ஐ.டி.யும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் 5 முதல் 7 வயதுக்காகச் செய்த நிரல் எழுதும் ஆப், இலவசம். நீலக் கட்டையில் எண்ணைப் போட்டுப் பச்சைக் கொடியைத் தொட்டால் பூனை அத்தனை கட்டம் நடக்கும். கைதட்டல் இல்லை, பலூன் இல்லை. மரத்தடியில் நிற்க வேண்டிய பூனை மரத்தைத் தாண்டிப் போனால் தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. 12-ஐ 9 ஆக்கினான். இன்னும் ஒரு கட்டம் இடித்தது. 8 போட்டான், சரியாக நின்றது. தங்கைக்கு அது பிடிக்கவில்லை. “ஓடட்டும்ணா, இன்னும் ஓடட்டும்” என்று கையை நீட்டி 8-க்குப் பக்கத்தில் இன்னொரு 8 தட்டிவிட்டாள்.